புள்ளிவிவரம் வரும் ரீசனிங் கேள்விகளில் மாற்றுக் காரணத்தைத் தேடும் முறை

2021 ஜூலை கடைசியில் நாடு முழுவதும் ஒரு நாளில் பதிவான கொரோனா தொற்றுகளில் ஏறக்குறைய பாதி கேரளாவில் இருந்து வந்தன. வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம் என்று கேரள–தமிழ்நாடு எல்லை நெடுக அப்போது ஒரே பேச்சுதான்: கேரளாவில் நோய் கை மீறிவிட்டது, தமிழ்நாட்டுப் பக்கம் எவ்வளவோ தேவலை. அதே ஜூன், ஜூலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) நடத்திய நான்காவது தேசிய ரத்த ஆய்வில், நோயை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பணு இருந்தவர்கள் மத்தியப் பிரதேசத்தில் 79%, ஆந்திராவில் 70.2%, தமிழ்நாட்டில் 69.2%. கேரளாவில் 44.4%தான். எதிர்ப்பணு தொற்றாலும் வரும், தடுப்பூசியாலும் வரும். அதைக் கழித்துக்கொண்டு பார்த்தாலும் இவ்வளவு பெரிய இடைவெளி இரண்டு விஷயங்களை யோசிக்கச் சொல்கிறது. தொற்று வந்தவர்களில் அதிகம் பேரைக் கேரளா பரிசோதித்துக் கண்டுபிடித்துப் பதிவு செய்திருக்கிறது. இன்னும் தொற்றே வராதவர்களும் அங்கேதான் அதிகம் மிச்சம் இருந்திருக்கிறார்கள். அதனால் அலை அங்கே தாமதமாக வந்து நெடுநாள் நீடித்தது.

பதிவான எண்ணிக்கையில் தப்பு கிடையாது. அந்த எண்ணிக்கைக்குச் சொன்ன காரணம் மட்டும் ஒரே காரணம் இல்லை. கிளாட் (இந்தியச் சட்டப் படிப்பு நுழைவு), ஜிமேட் (மேலாண்மைப் படிப்பு நுழைவு), எல்சாட் (வெளிநாட்டுச் சட்டப் படிப்பு நுழைவு) தேர்வுகளில் ஒரு வாதத்தைத் தந்து அதை ஆராயச் சொல்லும் லாஜிக்கல் ரீசனிங் கேள்விகளில் திரும்பத் திரும்ப வருவது இந்த ஒரு விஷயம்தான். எல்சாட்டில் 2024 ஆகஸ்ட்டில் லாஜிக் கேம்ஸ் என்ற புதிர்ப் பகுதியை எடுத்துவிட்டார்கள். இப்போது மதிப்பெண்ணுக்குக் கணக்காகும் மூன்று பகுதிகளில் இரண்டு லாஜிக்கல் ரீசனிங். ஜிமேட்டின் வெர்பல் பகுதியில் 45 நிமிடத்தில் 23 கேள்வி, அதில் இதே வகையான கிரிட்டிக்கல் ரீசனிங்குக்குப் பெரிய பங்கு உண்டு. யுபிஎஸ்சி முதல்நிலைத் தேர்வின் இரண்டாம் தாளான சிசாட்டிலும் வங்கித் தேர்வுகளிலும் இதே சங்கதி வேறு சட்டை போட்டுக்கொண்டு வரும்.

பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் தமிழ் வழியில் படித்துவிட்டு இந்தத் தேர்வுகளுக்குத் தயாராகும் பிள்ளைகள் பலர் சதவீதத்தைப் பார்த்ததும் பயந்து, "எனக்குக் கணக்கு வராது" என்று கேள்வியையே விட்டுவிடுகிறார்கள். அது எனக்கு நிஜமாகவே வருத்தம் தருகிற விஷயம். இந்தக் கேள்விகளில் கணக்கே இல்லை. அதிகம் போனால் ஒரு வகுத்தல். மீதி எல்லாம், இந்த எண் எப்படி இப்படி வந்திருக்கும் என்று கேட்கிற பழக்கம்தான். எல்லையில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பழக்கம் கொஞ்சம் கூடுதலாகவே இருக்க வேண்டும். இரண்டு மாநிலங்களின் எண்களை ஒப்பிட்டுப் பேசுவதை அவர்கள் சின்ன வயதில் இருந்தே கேட்டு வளர்கிறார்கள்.

முதலில் ரஃப் தாளில் இரண்டு வரி எழுதுங்கள். முதல் வரி 'எண்': கேள்வியில் உண்மை என்று தரப்பட்ட புள்ளிவிவரம். இரண்டாவது வரி 'காரணம்': வாதத்தை எழுதிய ஆசிரியர் அதிலிருந்து தாவிப் போன முடிவு. உதாரணமாக, "சாலையில் கேமரா வைத்த பிறகு பதிவான வேக மீறல்கள் மூன்று மடங்காகிவிட்டன. ஆகவே ஓட்டுநர்கள் முன்பைவிட வேகமாக ஓட்டுகிறார்கள்." எண்: பதிவான மீறல் மூன்று மடங்கு. காரணம்: வேகம் கூடியது. இப்படி எழுதியதுமே 'பதிவான' என்ற சொல் கண்ணில் குத்தும். கேமரா வருவதற்கு முன்னும் அதே வேகத்தில்தான் ஓட்டியிருப்பார்கள், பார்க்க ஆள் இல்லை.

இந்த இரண்டு வரியில் முதல் வரியைத் தொடவே கூடாது. பாதிப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். "அந்தக் கணக்கெடுப்பே தப்பாக இருக்கலாம்" என்று நினைத்து, எண்ணைச் சந்தேகிக்கிற ஆப்ஷனைத் தேடிக்கொண்டிருப்பார்கள். தேர்வில் எண்ணை உண்மை என்று ஏற்றுக்கொண்டாக வேண்டும். வாதத்தைப் பலவீனப்படுத்துவது எது என்று கேட்டால், அந்த எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, அது வருவதற்கு இன்னொரு வழியைக் காட்டுகிற ஆப்ஷன்தான் விடை. அந்த வழி நிச்சயம் நடந்தது என்று நிரூபிக்க வேண்டியதில்லை. ஆசிரியர் சொன்ன காரணத்தின் மேல் இருக்கும் நம்பிக்கை குறைந்தால் போதும்.

அந்த இன்னொரு வழியைக் கண்டுபிடிக்க நான்கு கேள்வி கேட்டால் பெரும்பாலும் அகப்பட்டுவிடும். யாரை எண்ணினார்கள்? எப்படி எண்ணினார்கள்? மொத்தம் எத்தனையில்? எதோடு ஒப்பிட்டார்கள்?

'எப்படி எண்ணினார்கள்' என்பதற்குக் கேமரா ஓர் உதாரணம். நிஜத்தில் இதைவிடப் பெரிய உதாரணம் குற்றக் கணக்கு. ஒரு லட்சம் மக்களுக்கு எத்தனை குற்றம் என்ற பட்டியலில் கேரளா பல ஆண்டுகள் நாட்டிலேயே முன்வரிசையில் நின்றிருக்கிறது. ஆகவே அங்கே குற்றவாளிகள் அதிகம் என்று முடிவு கட்டினால், புகார் கொடுக்கத் தயங்காத மக்களும் புகாரைத் திருப்பி அனுப்பாமல் பதிவு செய்யும் காவல் நிலையமும் அதே எண்ணைக் கொண்டுவரும் என்பதை விட்டுவிடுகிறோம். குற்றம் கூடுவது வேறு, குற்றப் பதிவு கூடுவது வேறு என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகமே தன் அறிக்கையில் எச்சரிக்கிறது. கேள்வியில் 'பதிவான', 'புகார் வந்த', 'கண்டறியப்பட்ட', 'தெரிவித்த' என்று ஒரு சொல் இருந்தால் அடிக்கோடு போடுங்கள். ஆப்ஷன்களில் ஒன்று பெரும்பாலும் அந்தச் சொல்லைப் பிடித்துத்தான் வரும்.

'மொத்தம் எத்தனையில்' என்பது சதவீதக் கேள்விகளின் உயிர்நாடி. ஒரு பயிற்சிக் கேள்வி, எண்கள் நான் வைத்தவை: "எல்லையோரப் பள்ளி ஒன்றில் ஐந்தாண்டுக்கு முன் 40% மாணவர்கள் தமிழ் வழியில் படித்தார்கள். இப்போது 25%. ஆகவே அந்தப் பள்ளியில் தமிழ் வழியில் சேரும் பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள்." படிக்கும்போதே மனசு பதறும், முடிவை உடனே நம்பத் தோன்றும். பள்ளியின் மொத்த மாணவர்கள் 200-லிருந்து 400 ஆகியிருந்தால்? முன்பு 80 பேர், இப்போது 100 பேர். பிள்ளைகள் கூடியிருக்கிறார்கள், பங்குதான் குறைந்திருக்கிறது. கேள்வியில் சதவீதம், முடிவில் எண்ணிக்கை. அல்லது கேள்வியில் எண்ணிக்கை, முடிவில் ஆபத்தின் அளவு. இந்தத் தாவலைப் பார்த்தாலே மொத்தத்தைப் பற்றிப் பேசுகிற ஆப்ஷனைத் தேடுங்கள். "மொத்த மாணவர் சேர்க்கை இரட்டிப்பானது" என்பது மாதிரி, பார்வைக்குச் சம்பந்தமே இல்லாததாக அது உட்கார்ந்திருக்கும்.

'யாரை எண்ணினார்கள்' என்பதில்தான் கேள்வி அமைப்பவர்களின் கைவரிசை அதிகம், ஆகவே இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம். இன்னொரு பயிற்சிக் கேள்வி. கோவைப் பக்கம் ஒரு பெரிய மருத்துவமனை, பாலக்காட்டுப் பக்கம் ஒரு சிறிய மருத்துவமனை. இரண்டிலும் ஒரே நோய்க்கு ஆயிரம் பேர் சேர்ந்தார்கள். பெரியதில் இறந்தவர்கள் 82, சிறியதில் 33. முடிவு: சிறிய மருத்துவமனையின் சிகிச்சைதான் சிறந்தது. நோயாளிகளைப் பிரித்துப் பாருங்கள். பெரியதில் லேசான நோயோடு வந்தவர்கள் 200, இறந்தது 2, அதாவது 1%. முற்றிய நிலையில் வந்தவர்கள் 800, இறந்தது 80, அதாவது 10%. சிறியதில் லேசானவர்கள் 900, இறந்தது 18, அதாவது 2%. முற்றியவர்கள் 100, இறந்தது 15, அதாவது 15%. இரண்டு வகை நோயாளிகளுக்கும் பெரிய மருத்துவமனையில்தான் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். மொத்தமாகக் கூட்டினால் அதுதான் மோசமாகத் தெரிகிறது, ஏனென்றால் முற்றிய பிறகு எல்லோரும் எல்லை தாண்டி அங்கேதான் போகிறார்கள்.

இதற்குச் சிம்சன் முரண் என்று பெயர். எட்வர்ட் சிம்சன் 1951-ல் எழுதிய கட்டுரையால் அந்தப் பெயர் வந்தது. 1973-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்த ஆண்களில் 44% பேருக்கும் பெண்களில் 35% பேருக்கும் இடம் கிடைத்தது. துறைவாரியாகப் பிரித்தபோது பெண்களுக்கு எதிரான அப்படியொரு பெரிய சாய்வு தெரியவில்லை. இடம் கிடைப்பதே கஷ்டமான துறைகளுக்குப் பெண்கள் அதிகம் விண்ணப்பித்திருந்தார்கள் என்பது பெரிய காரணமாக நின்றது. தேர்வில் இந்தப் பெயரோ கணக்கோ கேட்க மாட்டார்கள். "முதல் குழுவில் சேர்ந்தவர்கள் ஏற்கெனவே கடுமையான நிலையில் இருந்தவர்கள்" என்று ஒரே வரியில் ஆப்ஷன் வரும், அது போதும்.

வயதும் இதே வேலையைச் செய்யும். பிறப்பு, இறப்பைக் கணக்கிடும் அரசின் 2020 மாதிரிப் பதிவுக் கணக்கின்படி கேரளாவில் ஆயிரம் பேருக்கு இறப்பு விகிதம் 7, பிஹாரில் 6-க்கும் கீழே. கேரளாவின் சுகாதாரம் பிஹாரைவிட மோசம் என்று இதிலிருந்து யாராவது சொன்னால் நாம் ஒத்துக்கொள்ள மாட்டோம். ஆனால் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்பதை ஒரு வரியில் சொல்லத் தெரிய வேண்டும். 2011 கணக்கெடுப்பில் 60 வயதைத் தாண்டியவர்கள் கேரளாவில் 12.6%, பிஹாரில் 7.4%. முதியவர்கள் அதிகம் இருக்கும் இடத்தில் இறப்பும் அதிகம் பதிவாகும். ஒரு வயது நிரம்பாத குழந்தைகளை மட்டும் எடுத்தால் படம் தலைகீழ்: அதே 2020-ல் ஆயிரம் பிறப்புக்குக் கேரளாவில் 6 இறப்பு, பிஹாரில் 27. ஒரே வயதினரை ஒரே வயதினரோடு ஒப்பிட்டார்களா என்று கேட்பது, மாநிலங்களை, ஊர்களை, தொழில்களை ஒப்பிடும் எல்லாக் கேள்விக்கும் பொருந்தும்.

காரணமும் விளைவும் இடம் மாறி நிற்பதும், மூன்றாவது ஒன்று இரண்டையும் ஆட்டுவிப்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே. மாதிரித் தேர்வு அதிகம் எழுதியவர்கள் நல்ல மதிப்பெண் வாங்கினார்கள் என்றால், நன்றாக எழுத வருகிறவர்கள்தான் சலிக்காமல் தொடர்ந்து எழுதியிருக்கலாம். ஆப்ஷனில் 'ஏற்கெனவே', 'முன்பிருந்தே' என்ற சொற்கள் இருந்தால் இதைச் சோதித்துவிடுங்கள்.

நான்காவது கேள்வி, எதோடு ஒப்பிட்டார்கள் என்பது. அதற்கு ஒரு முழு மாதிரிக் கேள்வி, எண்கள் பயிற்சிக்கு வைத்தவை.

"ஒரு மாவட்டத்தின் மலைப்பாதைகளில் சென்ற ஆண்டு மிக அதிகமாக விபத்து நடந்த 10 வளைவுகளைத் தேர்ந்தெடுத்து எச்சரிக்கைப் பலகை வைத்தார்கள். அந்த 10 இடங்களிலும் சேர்த்து சென்ற ஆண்டு 60 விபத்து, இந்த ஆண்டு 38. ஆகவே பலகைகள் விபத்தைக் குறைத்துவிட்டன. பின்வருவனவற்றில் எது இந்த வாதத்தை மிகவும் பலவீனப்படுத்துகிறது?"

(அ) பலகையைப் பார்த்த ஓட்டுநர்களில் பெரும்பாலோர் வேகத்தைக் குறைத்தார்கள்.
(ஆ) பக்கத்து மாநிலத்தில் இதே மாதிரி பலகை வைத்தும் விபத்து குறையவில்லை.
(இ) பலகை வைத்த 10 இடங்களிலும் இந்த ஆண்டும் மாவட்டச் சராசரியைவிட அதிக விபத்து நடந்தது.
(ஈ) அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் அந்த 10 வளைவுகளிலும் சேர்த்து ஆண்டுக்கு 35 முதல் 40 விபத்துகளே நடந்து வந்தன.
(உ) பலகைகளுக்கு ஆன செலவு திட்டமிட்டதைவிட அதிகம்.

விடை (ஈ). சென்ற ஆண்டு 60 என்பதே அசாதாரணமான ஆண்டு. எது மிக மோசமாக இருந்ததோ அதைத் தேடிப் பிடித்து எடுத்தால், அடுத்த முறை அது பழைய நிலைக்குத் திரும்புவது இயல்பு. பலகை வைக்காமல் விட்டிருந்தாலும் 38-க்கு வந்திருக்கலாம். இதைப் புள்ளியியலில் சராசரிக்குத் திரும்புதல் என்பார்கள். மிக மோசமான பள்ளிகளுக்குச் சிறப்புப் பயிற்சி, மிக அதிக வலி இருந்த நாளில் சாப்பிட்ட மருந்து, விற்பனை மிகவும் படுத்த மாதத்தில் மாற்றிய மேலாளர் என்று எத்தனையோ உருவில் இது வரும். 'மிக' என்ற சொல்லை வைத்து ஆட்களையோ இடங்களையோ பொறுக்கியிருந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

தப்பான ஆப்ஷன்களையும் பார்க்க வேண்டும், மதிப்பெண் போவது அவற்றில்தான். (உ) வெளிப்படையாகவே வேறு விஷயம். (இ) உண்மையாக இருந்தாலும் 60 ஏன் 38 ஆயிற்று என்பதற்கு அதில் பதில் இல்லை. சராசரிக்கு மேலே இருந்துகொண்டே குறையலாம். (ஆ) நிறையப் பேரை இழுக்கும். ஆனால் பக்கத்து மாநிலத்தின் சாலை வேறு, பலகை வைத்த இடம் வேறு. அங்கே பலிக்காதது இங்கே பலித்திருக்கலாம். இங்கே நடந்த குறைவுக்கு அது வேறு காரணம் எதையும் தரவில்லை. அதற்குப் பதிலாக, "இதே மாவட்டத்தில் பலகை வைக்காத வளைவுகளிலும் விபத்து அதே விகிதத்தில் குறைந்தது" என்று இருந்திருந்தால் அது நல்ல விடை. மழை குறைவோ போக்குவரத்துக் குறைவோ எல்லா இடத்துக்கும் பொதுவாக ஒன்று நடந்திருக்கிறது என்று அது காட்டும்.

(அ)தான் மிகவும் ஆபத்தானது. அவசரத்தில் படிப்பவருக்கு, "விபத்து குறைந்ததற்குக் காரணம் பலகை இல்லை, வேகக் குறைவு" என்று அது மாற்றுக் காரணம் போலவே தோன்றும். வேகம் ஏன் குறைந்தது? பலகையைப் பார்த்ததால். பலகை எந்த வழியாக வேலை செய்தது என்பதைத்தான் அது சொல்கிறது, ஆகவே வாதத்துக்கு இன்னும் பலம் சேர்க்கிறது. இதற்கு ஒரு சோதனை உண்டு. ஆப்ஷனில் சொன்ன விஷயம், ஆசிரியர் சொன்ன காரணம் இல்லாமலே நடந்திருக்குமா என்று கேளுங்கள். நடந்திருக்கும் என்றால் மாற்றுக் காரணம். அந்தக் காரணத்தால்தான் நடந்தது என்றால், அது இடையில் நிற்கும் படி. இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் கடினமான கேள்விகளில் பாதி இளகிவிடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்னொரு பொறி, இரண்டு பக்கமும் சமமாகப் பொருந்தும் ஆப்ஷன். இரண்டு குழுக்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தை விளக்க, ஒரு குழுவில் மட்டும் இருப்பது வேண்டும். "இரண்டு ஊர்களிலும் கோடையில் தண்ணீர்ப் பஞ்சம்" என்பது ஏதோ விளக்கம் போல இருக்கும், வித்தியாசத்தை விளக்காது. 'சிலர்', 'சில நேரங்களில்' என்று வரும் ஆப்ஷன்களிலும் கவனமாக இருங்கள். 'சில' என்பது ஒன்றிரண்டாகவும் இருக்கலாம், பெரிய வித்தியாசத்தைச் சுமக்க அதற்குச் சக்தி போதாது.

வாதத்தைப் பலப்படுத்துவது எது என்று கேட்கும் ஸ்ட்ரெங்த்தன் கேள்வியும், வாதம் சொல்லாமல் நம்பியிருப்பது எது என்று கேட்கும் அசம்ப்ஷன் கேள்வியும் இதே நாணயத்தின் மறுபக்கம். மாற்றுக் காரணம் வாதத்தை உடைக்கும் என்றால், "அந்த மாற்றுக் காரணம் இங்கே இல்லை" என்பது வாதத்தைத் தாங்கும். "ஆய்வு நடந்த காலத்தில் சாலையில் ஓடிய வண்டிகளின் எண்ணிக்கை குறையவில்லை" என்ற வறண்ட வரி பல நேரம் விடையாக இருப்பது அதனால்தான். அசம்ப்ஷன் என்று சந்தேகப்படும் ஆப்ஷனை எதிர்மறையாக்கிப் படியுங்கள்: "வண்டிகளின் எண்ணிக்கை குறைந்தது." வாதம் ஆட்டம் கண்டால் அதுதான் விடை.

நேரத்தைப் பற்றி. கிளாட்டில் 120 கேள்விக்கு 120 நிமிடம், தப்புக்கு 0.25 குறையும். சிசாட்டில் 80 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 2.5 மதிப்பெண், தப்புக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு போகும். ஆப்ஷன்களைப் படிப்பதற்கு முன் பத்து விநாடி எடுத்து, மாற்றுக் காரணம் ஒன்றை நீங்களே யோசியுங்கள். நீங்கள் நினைத்ததே வர வேண்டும் என்பதில்லை. அந்தத் திசையில் மனம் திரும்பியிருந்தால் (அ) போன்ற ஆப்ஷன் உங்களை இழுக்காது. இரண்டு ஆப்ஷன் மிஞ்சினால், கேள்வியில் உள்ள எண்ணுக்கு நேராக இரண்டையும் வைத்து, எதனால் அந்த எண் வரும் என்று பாருங்கள்.

கடைசியாக, 'தவிர' கேள்வி. நான்கு ஆப்ஷன் வாதத்தைப் பலவீனப்படுத்தும், ஒன்று மட்டும் செய்யாது. விடையாக வருவது வாதத்தைப் பலப்படுத்த வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். சம்பந்தமே இல்லாததாகவும் இருக்கலாம். ஒன்றை நீங்களே செய்து பாருங்கள், இதுவும் பயிற்சிக்கு எழுதியது. "பாலக்காடு–கோவை பேருந்துகளில் கட்டணம் உயர்ந்த மாதத்தில் பயணிகள் 20% குறைந்தார்கள். கட்டண உயர்வுதான் காரணம். பின்வருவனவற்றில் ஒன்றைத் தவிர மற்றவை இந்த வாதத்தைப் பலவீனப்படுத்துகின்றன." (அ) அந்த மாதம் கல்லூரிகளுக்கு விடுமுறை. (ஆ) அதே மாதத்தில் ஒரு புதிய பாசஞ்சர் ரயில் ஓட ஆரம்பித்தது. (இ) முந்தைய மாதம் வரை பாஸ் வைத்திருந்தவர்களையும் எண்ணினார்கள், இந்த மாதத்தில் இருந்து டிக்கெட் வாங்கியவர்களை மட்டும் எண்ணுகிறார்கள். (ஈ) பேருந்தில் தினமும் போய்வந்த பலர், ஒரு மாதத்துக்கு ஆகும் புதிய கட்டணத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு பைக்கில் போக ஆரம்பித்தார்கள். (உ) அந்த மாதம் பேருந்து நடைகளில் கால்வாசி நிறுத்தப்பட்டன. விடை (ஈ). பைக் என்று வந்ததும் அது வேறு காரணம் போலத் தெரியும். அவர்களைப் பைக்குக்குத் தள்ளியதே உயர்ந்த கட்டணம்தான்.